பதினெட்டு நாளும் ஒரு தூணும்

பாரிவாக்கத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் நின்ற வட்டத் தூண், போன ஆடியில் பதினெட்டே நாளில் இளைத்து இல்லாமல் போனது. மாடிகள் ஐந்தும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பழி மட்டும் டைல்ஸ் போட்ட பால்ராஜ் மேல் விழுந்தது.

நெமிலிச்சேரி பால்ராஜ் வளைவு வெட்டுவதில் பேர் எடுத்தவர். பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தூணோடு அணைத்துப் பிடித்து, இம்மி இம்மியாகக் கத்தரித்து அச்சு எடுப்பார். அதை டைல்ஸ் மேல் வைத்துப் பென்சிலால் கோடு. கோடு வரைக்கும் மிஷினால் சீப்புப் பல் போல நெருக்கமாகக் கீறி, ஒவ்வொரு பல்லாகக் குறட்டால் ஒடித்து, ஓரத்தைக் கல்லால் தேய்த்து முடித்தால் தூணுக்கும் டைல்ஸுக்கும் நடுவே தலைமுடி நுழையாது. அட்டையில் தேதி எழுதி ஆணியில் மாட்டிவிடுவார். இடுக்கில் வெள்ளை சிமெண்ட் அடைத்து மறைப்பவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்.

அப்படிப்பட்டவர் பொருத்திவிட்டுப் போன மறுநாள் காலை, தூணைச் சுற்றி அரை அங்குல இடைவெளி. சைட் இன்ஜினீயர் ரோஹித், கோயம்புத்தூர்ப் பையன், குனிந்து பார்த்தான்.

"என்னங்ணா, கோட்டை விட்டுட்டீங்களா? சரி, வொயிட் சிமெண்ட்ட அப்பி விடுங்ணா."

"அப்பறதுக்கு நான் இன்னா பல் டாக்டரா? நேத்து இதுல முடி போவல நைனா. தூணு எளைச்சிகீது."

ரோஹித் சிரிக்கக்கூட இல்லை. வீடு வாங்குவோர் பார்ப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த குறைப் பட்டியலில், 'டைல்ஸ் வெட்டு தவறு: பால்ராஜ்' என்று எழுதினான். பால்ராஜுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பேரை அடித்து நீக்கும்வரை, ஞாயிறு தவிர, சைட்டை விட்டு நகர்வதில்லை என்று அங்கேயே குந்திவிட்டார். தினம் அரை அங்குலம் தூண் இளைத்தது. தினம் புது அட்டை எடுத்து, துண்டு டைல்ஸில் நாலு வளைவு வெட்டி, வளையமாகச் சேர்த்து இடைவெளியை மூடினார். தினம் அதே வரியை ரோஹித்தும் எழுதினான். தூணைக் குறை சொல்ல அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை.

முதல் ஞாயிறு கழிந்த திங்களன்று இடைவெளி ஒரு அங்குலம் இருந்தது. பால்ராஜ் கூடவே டைல்ஸ் மூட்டுப் பூசும் வேலை செய்யும் அவர் மனைவி ஞானகுமாரி, பூச்சுக் கையோடு ரோஹித்தை மறித்தார்.

"தோ பாரு தம்பி, நேத்து இந்தாளு மிஷினே தொடல. கோயில்ல கொறட்டை வுட்டுகினு இருந்தாரு, பாஸ்டரே சாட்சி. வெட்டாத நாள்ல எப்டிப்பா தப்பா வெட்டுவாரு?"

ஆணியில் கிடந்த அட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகத் தரையில் பரப்பினார். ரோஹித் வெகுநேரம் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டான். தூண் தேய்வதற்கு விதியில் இடமில்லை, ஆகவே வெட்டுதான் தப்பு என்றார்கள்.

"விதியே இல்லாம தேயுது பாரு, இன்னா திமிரு அதுக்கு!" என்று பால்ராஜ் தூணை முறைத்தார். "திட்டு மட்டும் எனக்கு!"

அவர் முறைத்ததைத் தூண் சட்டை செய்யவில்லை. கழி அளவாகி, கட்டைவிரல் அளவாகி, பதினெட்டாம் நாள் காலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெறும் பள்ளம்தான் மிச்சம். பால்ராஜ் அந்த அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி நடுவில் வைத்து அழுத்தினார். தரை, அறுத்த மரம்போல வளையம் வளையமாக இருந்தது. மீசையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி ரோஹித்திடம் நீட்டினார். அவன் முட்டி போட்டு ஒவ்வொரு வளையத்திலும் நுழைத்துப் பார்த்தான். எதிலும் போகவில்லை. எழுந்து, பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினான்: 'தூண் இல்லை. டைல்ஸில் குறை இல்லை.'

பால்ராஜ் இரண்டு தடவை படித்தார். "பேரு எங்க? தப்புன்னு எழுதச்சொல்லோ மட்டும் பேரு வந்துச்சே. எழுது நைனா."

ரோஹித் எழுதினான். மூன்றாம் மாடிக்குக் குடிவந்த ரேஷ்மா இப்போது அந்த வளையங்களின் மேல்தான் ஸ்கூட்டரை நிறுத்துகிறாள். தூண் இருந்தால் கண்ணாடி உரசும்.