உலகநாதன், ஃபார்வர்டு

ரஞ்சித்குமார் நல்ல ஆட்டக்காரன் இல்லை. மோசமான ஆட்டக்காரனும் இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது கிளப்புக்கு ஆடியிருக்கிறான். நல்லவனாக இருந்தால் முதல் கிளப்பே விட்டிருக்காது. மோசமானவனாக இருந்தால் இரண்டாவது கிளப் கூப்பிட்டிருக்காது. நடுவில் இருப்பவனுக்குத்தான் ரயில் டிக்கெட் நிறையக் கிடைக்கும்.

சென்னை, கொல்கத்தா, கோவா, ஷில்லாங், மலப்புறம், ஐஸ்வால், பெங்களூரு, திரும்பவும் கொல்கத்தா, கடைசியாக லூதியானா பக்கம் ஒரு கிளப். எல்லா ஊரிலும் ஃபார்வர்டுதான். மொத்தம் ஐம்பத்தேழு கோல், அதில் பதினொன்று பெனால்டி. ‘பந்தைக் கொடுடா’ என்று ஏழு மொழியில் கேட்கத் தெரியும். ஏழு மொழியிலும் கொடுக்க மாட்டார்கள்.

போன இடத்தில் யாரும் அவனை ரஞ்சித் என்று கூப்பிட்டதில்லை. காரணம் ஒரு விண்ணப்பம். கொல்கத்தாவில் சேர்ந்தபோது பெயர் உ. ரஞ்சித்குமார் என்றான். கம்ப்யூட்டரில் கடைசிப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் அடுத்த பக்கம் வராது. செய்யூர் பக்கத்தில் யாருக்கும் கடைசிப் பெயர் கிடையாது. இன்ஷியல் எதற்கு என்று கிளார்க் கேட்டான். உலகநாதன், அப்பா பெயர் என்றான். கட்டம் நிரம்பியது. அன்றிலிருந்து ஜெர்சியின் முதுகில் உலகநாதன். இடம் போதாத கிளப்பில் வெறும் நாதன். மலப்புறத்தில் அண்ணன் என்று சேர்த்து நாதேட்டன். ஐஸ்வாலில் அவர்களுக்கு வாயில் வந்ததைச் சொன்னார்கள்.

ஆக, கால்பந்து மேட்ச் ஒன்றைக்கூடப் பார்த்திராத உலகநாதன், செய்யூருக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போட்டுக்கொண்டே ஏழு மாநிலத்தில் கோல் அடித்தார். ஏழு மாநிலத்தில் திட்டும் வாங்கினார். விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பரும் அவருடையதுதான். அப்போது வீட்டில் இருந்தது ஒரே போன். பிறகு மாற்ற வேண்டும் என்று ரஞ்சித்துக்குத் தோன்றவில்லை.

இந்த ஏப்ரலில் லூதியானா கிளப் அவனை அனுப்பிவிட்டது. வயது முப்பத்து நான்கு. மே முழுக்க ஒரு கிளப்பும் கூப்பிடவில்லை. ஜூன் வந்தது. சென்னை லீகுக்கு ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அவன் மனைவி பூங்கொடி செய்யூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் அண்ணன் தமிழ்வாணன் சவுக்கு மரம் வாங்கி லாரியில் அனுப்புகிறவன். சொந்தமாக எடைமேடை போட்டிருந்தான். அங்கே உட்கார ஆள் தேவைப்பட்டது.

“வெள்ளிக்கெழம வரிக்கும் பாரு,” என்றாள் பூங்கொடி. “கிளப்பு கெடச்சா போ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்லன்னா சனிக்கெழம காலைல எடைமேடைக்குப் போயிடணும்.”

“நாள் முழுக்க உக்காந்துகினே இருக்கணுமே.”

“பெஞ்சுல உக்காந்த பழக்கம் கீதுல்ல?”

லூதியானாவில் அவன் ஆடியதைவிட உட்கார்ந்ததுதான் அதிகம்.

செவ்வாய்க்கிழமை காலை ரஞ்சித் கடற்கரை மணலில் ஓடப் போயிருந்தான். உலகநாதன் கடலைக் கொல்லையில் களை பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் போன். ரஞ்சித்தின் மகள் ரக்ஷாவை ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். விண்ணப்பம் போட்டது உலகநாதன். தாலுகா ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள் என்று நாலு நாளாகக் காத்திருந்தார்.

போன் அடித்தது. ஆனால் கூப்பிட்டவர் தேசிகன். திருக்கழுக்குன்றத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மாமல்லபுரத்தில் கடல்மல்லை ரோவர்ஸ் என்ற கிளப்புக்கு மேனேஜர். நாலு வருஷம் முன்னால் டிவியில் நாதன் என்ற ஃபார்வர்டு போட்ட ஒரு கோலை அவர் மறக்கவில்லை. பதிவுப் பட்டியலில் தேடியபோது ‘உலகநாதன் ஆர்’ என்று இருந்தது. தேசிகன் தமிழர். ஆர் அப்பாவின் இன்ஷியல் என்று நினைத்து, ஆர். உலகநாதன் என்று படித்துக்கொண்டார்.

“உலகநாதன்தானே பேசறது?”

“ஆமா சார், உலகநாதன்தான். நாலு நாளா ஒங்க போனுக்குத்தான் காத்துனு கீறேன்.”

ஆர்வமான ஆள் என்று தேசிகனுக்குச் சந்தோஷம். “நீங்க ஃபார்வர்டுதானே?”

“இன்னா சார் இப்டி கேக்குறீங்க? நாங்க எங்க சார் ஃபார்வர்டு? பேக்வர்டு.”

“பேக்கா? இங்க ரெக்கார்டுல ஃபார்வர்டுன்னுதானே போட்டிருக்கு.”

“தப்பா ஏத்திட்டாங்க சார். பேக்வர்டு. மோஸ்ட் பேக்வர்டு. மாத்தி எழுதிக்குங்க, பின்னாடி பிரச்சன வரக்கூடாது பாருங்க.”

தேசிகன் எழுதிக்கொண்டார். வயதானால் ஃபார்வர்டுகள் பின்னால் போவது உண்டு என்று அவருக்குத் தெரியும். “சரி. வியாழக்கிழமை காலம்பற ஏழு மணிக்கு நேர்ல வந்துடுங்கோ. மாமல்லபுரம் தாண்டி பட்டிபுலம் கிரவுண்டு. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் எடுத்துண்டு வாங்கோ. ஷூ இருக்கோல்லியோ?”

“செருப்புதான் சார் கீது.”

“நன்னா ஜோக் அடிக்கறேள்,” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

செய்யூர்க்காரரை மாமல்லபுரத்துக்கு ஏன் கூப்பிடுகிறார்கள் என்று உலகநாதன் கொஞ்ச நேரம் யோசித்தார். சிறப்பு முகாம் என்று முடிவு செய்தார். முகாம்களைக் கிரவுண்டில்தான் பந்தல் போட்டு நடத்துகிறார்கள். ஷூ எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. அதிகாரி கேட்டால் அதற்கு ஏதாவது இருக்கும்.

வியாழக்கிழமை விடியும்போதே கிளம்பினார்கள். ரஞ்சித் பைக் ஓட்டினான், உலகநாதன் வெள்ளை வேட்டியில் பின்னால். மடியில் மஞ்சள் பை, அதில் குடும்பத்தின் எல்லாக் காகிதங்களும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று தள்ளியது. கல்பாக்கம் தாண்டி டீ குடித்தார்கள்.

“முகாமுன்னு ஊர்ல ஒருத்தரும் சொல்லலயே நைனா,” என்றான் ரஞ்சித்.

“எனுக்குத்தான போன் வந்துது. ஊருக்கா வந்துது?”

கிரவுண்டில் பந்தல் இல்லை. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் ரிசார்ட்டின் சுவர், நடுவில் இரண்டு கோல்போஸ்ட். இருபது பேர் ஆரஞ்சு பனியன் போட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சித் பைக்கை நிறுத்தினான், ஸ்டாண்டு போட மறந்தான்.

உலகநாதன் நேராகப் போய், நாற்காலியில் ஃபைலோடு இருந்த தேசிகன் முன்னால் நின்றார். “வணக்கம் சார். உலகநாதன்.”

தேசிகன் வேட்டியைப் பார்த்தார், மஞ்சள் பையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கோச் ராமதாஸ் பக்கம் திரும்பினார். ராமதாஸ் ஒரு காலத்தில் நல்ல ஸ்டாப்பர், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நின்று எதிரியின் ஃபார்வர்டை மறிப்பவர். இப்போது தொப்பை.

“இன்னா சார்,” என்றார் ராமதாஸ், “எக்ஸ்பீரியன்ஸ் கீற ஆளுன்னு சொன்னீங்க. இம்மாம் எக்ஸ்பீரியன்ஸா?”

ரஞ்சித் பின்னாலேயே ஓடிவந்தான். யார் யாரைக் கூப்பிட்டார்கள், எந்தப் பெயர் யாருடையது, எந்த பேக்வர்டு எதைப் பற்றியது என்று பிரித்தெடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. தேசிகன் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். ராமதாஸ் உட்கார்ந்து சிரித்தார். உலகநாதன் சிரிக்கவில்லை. சான்றிதழ் இன்னும் வரவில்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

“அப்ப நான்தான் சார் அந்த நாதன்,” என்றான் ரஞ்சித். “ஃபார்வர்டு. இன்னிக்கே கையெழுத்துப் போட ரெடி.”

சிரிப்பு நின்றது.

“ஃபார்வர்டு எடத்துக்கு நேத்தே ஆள எடுத்தாச்சுப்பா,” என்றார் ராமதாஸ். “அதோ ஓடுறானே, சிவராம், கூடுவாஞ்சேரி. நீ பேக்குன்னு சார் சொன்னாரு, அதான் அவன எடுத்தோம். இப்ப ஒரே எடம்தான் காலி, ஸ்டாப்பர். ஆடுறியா, வூட்டுக்குப் போறியா?”

ரஞ்சித் அப்பாவைப் பார்த்தான். “நைனா, உன்ன எவன் பேசச் சொன்னது?”

“எம்பேரச் சொல்லிக் கேட்டா நான் பேசாம பக்கத்து வூட்டுக்காரனா பேசுவான்?”

பன்னிரண்டு வருஷமாக ஸ்டாப்பர்களை அவன் வெறுத்திருக்கிறான். கணுக்காலில் மிதிப்பவர்கள், பனியனைப் பிடித்து இழுப்பவர்கள், அம்மாவைப் பற்றி விசாரிப்பவர்கள். அந்த வேலையை அவன் ஒரு நிமிஷம்கூடச் செய்ததில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. எடைமேடையில் லாரி ஏறும், இறங்கும், அவன் நம்பர் எழுதுவான்.

“ஆடுறேன்,” என்றான்.

பூட்ஸ் பைக்கின் பெட்டியில் இருந்தது. கிளப் இல்லாத நாட்களில் அதை எடுத்து வீட்டுக்குள் வைத்தால் எல்லாம் முடிந்த மாதிரி ஆகிவிடும் என்று அங்கேயே விட்டிருந்தான்.

பிராக்டீஸ் மேட்ச், பாதிக்கு முப்பது நிமிஷம். சிவராமுக்கு இருபத்தொரு வயது. ரஞ்சித் இரண்டடி எடுத்து வைப்பதற்குள் அவன் ஆறடி போய்விடுவான். முதல் பந்திலேயே தாண்டிப் போய் போஸ்டில் அடித்தான். போகும்போது, “பாத்து அண்ணாத்த, மூச்சு வாங்கப் போவுது,” என்றான்.

ஐந்தாவது நிமிஷத்தில் ரஞ்சித்துக்கு ஒன்று தென்பட்டது. இவன் செய்வதெல்லாம் தான் செய்தவைதான். இடது தோளைச் சாய்த்தால் வலப்பக்கம் போவான். கையைத் தூக்கிப் பந்து கேட்டால் பந்து வேண்டாம் என்று அர்த்தம். நொண்டி நடந்தால் அடுத்த வினாடி ஓடுவான். இந்த வித்தை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொருவன் ரஞ்சித்தின் காலடியில் நின்று கெடுத்திருக்கிறான். கோவாக்காரன் எப்படிக் கெடுத்தான், ஷில்லாங்காரன் எப்படிக் கெடுத்தான் என்று கணுக்காலுக்கு ஞாபகம் இருந்தது. ஓட வேண்டிய தேவையே இல்லை. சிவராம் போகப்போகும் இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றால் போதும்.

நின்றான். சிவராம் வந்து மோதினான். திரும்ப நின்றான், திரும்ப மோதினான்.

“இன்னா அண்ணாத்த, வழிய விடாம நிக்கிற?”

“உன் தோளு முன்னாடியே சொல்லிடுது மச்சான். அத வாய மூடச் சொல்லு.”

கொஞ்ச நேரம் சிவராம் தோளைப் பற்றியே யோசித்துக்கொண்டு ஆடினான். அதோடு அவன் ஆட்டம் போயிற்று. பந்து வருமுன்னே முந்தி ஓடி ஆஃப்சைடில் நாலு தடவை மாட்டினான். எல்லைக்கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உலகநாதன், “அந்தப் பையன் ஏன் ஓடி ஓடி நிக்கிறான், வவுத்து வலியா?” என்று தேசிகனைக் கேட்டார்.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடது ஓரத்திலிருந்து சிவராமின் அணி கோலுக்கு முன்னால் ஒரு கிராஸ் தூக்கி அடித்தது. அழகான கிராஸ். பன்னிரண்டு வருஷமாக ரஞ்சித் கேட்டு, யாரும் கொடுக்காத பந்து. நெற்றி உயரத்தில், சுழலாமல், மெதுவாக வந்தது. அவன் யோசிக்கவில்லை. உடம்பு தானாக எழும்பியது, கழுத்து திரும்பியது, நெற்றி சரியான இடத்தில் பட்டது. கோல்கீப்பர் அசையவே இல்லை. வலை பின்னால் போய் வந்தது.

வலை அவனுடைய சொந்த வலை.

சவுக்குத் தோப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரே ஒருவர் கை தட்டினார். வெள்ளை வேட்டியில், எழுந்து நின்று, மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

“போட்டாம்பா,” என்று தேசிகனிடம் சொன்னார். “எம்புள்ளதான்.”

சிவராம் ரஞ்சித்தின் தோளில் தட்டி, “தேங்க்ஸ் அண்ணாத்த,” என்றான்.

விசில் அடித்ததும் ரஞ்சித் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். தமிழ்வாணன் எடைமேடையில் ஃபேன் வைத்திருக்கிறானா என்று யோசித்தான். ராமதாஸ் வந்து எதிரில் நின்றார்.

“மொத அஞ்சு நிமிஷத்துக்கு அப்பறம் அந்தப் பையன் பந்தத் தொடல,” என்றார். “நேத்து மூணு ஸ்டாப்பர் பாத்தேன். மூணு பேரையும் அவன் தூக்கிச் சாப்ட்டுட்டான்.”

“கடைசியில சேம் சைடு போட்டேனே.”

“ஹெட்டர் சூப்பரு. தெசதான் தப்பு. தெசய நான் சொல்லித் தர்றேன், ஹெட்டர ஒருத்தனுக்கும் சொல்லித் தர முடியாது. பேரக் குடுத்துட்டுப் போ.”

தேசிகன் லேப்டாப்பைத் திறந்தார். “பேரை ரஞ்சித்குமார்னு மாத்திடலாமா? நம்ம ஊர் கிளப்தானே.”

“எவ்ளோ நாள் ஆவும் சார்?”

“பதினஞ்சு நாள். நாளைக்குப் பதிவு முடியறது.”

“அப்ப அப்டியே இருக்கட்டும் சார். போன் நம்பர மட்டும் மாத்திடுங்க.”

உலகநாதன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். தன் பெயரைக் கண்டுபிடித்தார். அதற்கு எதிரே இருந்ததைத் தேசிகன் அழித்து வேறு எழுதினார்.

“இன்னா சார் எழுதுறீங்க?”

“டிஃபெண்டர்.”

“அப்டின்னா?”

“பின்னாடி நிக்கறவர்.”

“அத ஏன் சார் சுத்தி வளைக்கிறீங்க? பேக்வர்டுன்னே தெளிவா எழுதுங்க.”

ரஞ்சித் சவுக்கு நிழலுக்குப் போய்ப் பூங்கொடிக்குப் போன் போட்டான். கடையில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

“கிளப்பு கெடச்சிது. உங்கண்ணங்கிட்ட வேற ஆளு பாக்கச் சொல்லிடு.”

“எந்த கிளப்பு?”

“மாமல்லபுரம். வூட்டுலேர்ந்தே போய் வரலாம். ஆனா ஃபார்வர்டு இல்ல. பின்னாடி நிக்கணும்.”

“ரொம்ப ஓடத் தேவயில்லல்ல?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு. சர்டிபிகேட்டு இன்னா ஆச்சு?”

அவன் திரும்பிப் பார்த்தான். உலகநாதன் மஞ்சள் பையைப் பிரித்து, ஒவ்வொரு காகிதமாக எடுத்துத் தேசிகனின் மேஜையில் பரப்பிக்கொண்டிருந்தார். தேசிகன் வேறு வழி இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார்.