புளியமரத்து ஆணி

...அதோ, மறுபடியும் அந்தச் சத்தம், நூல் அறுந்த மாதிரி, மாட்டுச் சலங்கையையும் மீறி இவன் காதில் மட்டும் எப்படித்தான் விழுகிறதோ, பாழாய்ப் போன காது. வண்டியின் கடைசியில் தள்ளி உட்கார்ந்திருந்த மலையாண்டி திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் செவந்தி முக்காட்டுக்குள்ளிருந்து கையை வெடுக்கென்று எடுப்பாள், விரலிடுக்கில் முடி இருக்கும், கண் கலங்கும், கட்டின பெண்டாட்டியைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்ப்பதா... சமஸ்தானம் திருச்சியோடு சேர்ந்த வருஷம் வல்லத்திராக்கோட்டைக்கு வாழ வந்தவள், ஒரு கைக்குள் அடங்காத கொண்டை, இப்போது உச்சந்தலை வழவழவென்று கிடக்கிறது. திருக்கோகர்ணத்து வைத்தியர் புழுவெட்டு என்றார், சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் புண்ணானது. புழுவாம் புழு! அவளே சொன்னாளே, "பேயுமில்ல, புழுவுமில்லீங்க, கை தானாப் போகுது, புடுங்குனாத்தான் நெஞ்சு அடங்குது... நீங்க கையைப் புடிச்சுக்கிட்டா போகல." பிடித்துக்கொண்டுதான் இருந்தான், சாயங்காலமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உடைத்துக் கொடுத்தான், பூனைமுடிபோல் கொஞ்சம் முளைக்கவும் செய்தது.

அதை அண்ணனிடம் சொல்வதற்கென்ன, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? முன்னால் வண்டியோட்டுகிற இந்த நாகராசு அண்ணன்தான் பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரியைக் கூட்டிவந்தார். பூசாரி அவள் கையில் காப்புக் கட்டி, கண்மாய்க்கரைப் புளியமரத்தில் அவள் முடியை ஆணியடித்து அறுக்கும்வரை புருசன் தொடக் கூடாது, தொட்டால் பேய் அவன்மேல் ஏறிவிடும் என்றார், இவனும் மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு மாட்டுத்தொழுவில் போய்ப் படுத்தான்... அன்றைக்குப் பிறகுதானே இடப்பக்கத்து முடியும் போனது? "காப்புக் கட்டுனதும் பேய் மெரளுது பாரு" என்றார் அண்ணன். மிரண்டது பேயா? அவளைத் தனியே விட்டது யார்? ஐயோ, நான்தானே, நானேதானே...

வண்டி நின்றது. அடிமரமெல்லாம் ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் யார் யார் முடியோ, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து தொங்குகிறது, இந்தப் பெண்களெல்லாம் வீடு திரும்பி என்ன ஆனார்கள், யாரைப் போய்க் கேட்பது? உடுக்கை அதிர்ந்தது. "எறங்கு தாயி" என்று முக்காட்டை விலக்கிய பூசாரி, "உச்சி முடியக் காணோமே... சரி, பெடரியில கெடக்கிறதப் புடிச்சுக்கிறேன்" என்று கை நீட்டினார். மிச்சமிருக்கிற அந்தக் கொத்தும் போனால் அவள் விரல் அடுத்து எங்கே போகும், புருவத்துக்கா, இமைக்கா... செவந்தியின் கை தலைக்கு ஏறியது, மலையாண்டி எட்டிப் பிடித்துக்கொண்டான், யார் பார்த்தால் என்ன, அவள் விரல்கள் இவன் உள்ளங்கைக்குள் ஒருதரம் துடித்து அடங்கின, எவ்வளவு நாளாயிற்று!

"டேய், கையை விடுறா!" அண்ணன் கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்தார், கூடப்பிறந்தவர், இவன் முகத்தைப் பார்க்கவே பயந்தார். உடுக்கை நின்றது. "ஏறிருச்சு" என்றார் பூசாரி மெதுவாக, "தம்பி மேல ஏறிருச்சு." அவர் பார்வை செவந்தியை விட்டு இவன் குடுமிக்கு வந்தது, கையிலிருந்த ஆணியும் சுத்தியலும் இவன் பக்கம் வந்தன. செவந்தி இவன் கையை இறுக்கினாள். "வேணாங்க..." என்றாள். ஒரு முடிதானே வேண்டும், குனிந்து கொடுத்துவிட்டால் இவளை விட்டுவிடுவாரா, விட்டுவிட்டால் போதுமே... மலையாண்டி தலையைக் குனித்தான். குனிந்தபோதுதான் பூசாரியின் மடி கண்ணில் பட்டது. அதில் இன்னொரு ஆணி இருந்தது.