நூறு மீட்டர் பலகை

கார் பந்தய டிராக்கில் எல்லோரும் அவரைச் சாம்பியன் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடாதவர்களை அவரே சொல்லிக் கூப்பிட வைத்தார். பந்தயக் குழு அவரைக் கழற்றிவிட்டு ஆறு மாதம் ஆகிறது. இனி டிராக்கில் கால் வைக்க ஒரே வழி பயிற்றுநர் சான்றிதழ்தான். அதுவும் கிடைக்காவிட்டால் மச்சானின் டயர் கடையில் காற்றடிக்க வேண்டும்.

"எனக்கே பரீட்சையா? எல்லாம் என் நேரம்" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார். ஆனால் முதுகில் 'தலைமைப் பயிற்றுநர்' என்று எழுதிய சட்டையை அதற்குள் தைத்தாகிவிட்டது. வெட்கம் அந்த மனிதருக்கு மருந்துக்கும் கிடையாது.

தேர்வு வைக்கும் அம்மாள் ஒன்றும் தெரியாத மாணவி போலக் கார் ஓட்டுவார். சாம்பியன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஹெல்மெட் மைக்கில் சொல்லித்தர வேண்டும். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. வாய்தான் பிரேக்.

"நீங்க சொல்றத மட்டும்தான் செய்வேன் சார். சொல்லாதத செய்ய மாட்டேன்."

"கவலையே படாதீங்க மேடம். நான் இருக்கேன்ல?"

நீண்ட நேர்பாதையின் முடிவில் முதல் வளைவு. அதற்கு முன்னால் இருநூறு, நூற்றைம்பது, நூறு என்று மீட்டர் காட்டும் பலகைகள். இருநூறிலேயே பிரேக் மிதிப்பவர்களைச் சாம்பியன் பயந்தாங்கொள்ளிகள் என்பார். அவர் நூறில்தான் மிதிப்பார். அந்த ஒரு பெருமையைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவர்.

நூறு மீட்டர் பலகை வந்ததும் "பிரேக்!" என்றார். சொன்னது அம்மாளின் காதில் ஏறிக் காலுக்கு இறங்குவதற்குள் பலகை பின்னால் போய்விட்டது. கார் வளைவைத் தாண்டி, டிராக்குக்கு வெளியே சரளைக்கல்லில் போய்ச் சொருகிக்கொண்டது.

"லேட்டா மிதிச்சிட்டீங்க மேடம்."

"நீங்க லேட்டா சொன்னீங்க சார்."

இரண்டாவது சுற்று. இருநூறிலேயே சொல்ல வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். ஆனால் நாக்கு எழவில்லை. யார் காதிலாவது விழுந்தால் மானம் என்னாவது? மைக்கில் கேட்டுக்கொண்டிருந்ததோ அம்மாள் ஒருவர்தான். சாம்பியனின் வாய் மூடியே இருந்தது. கால் மட்டும் தரைவிரிப்பைப் போட்டு மிதி மிதியென்று மிதித்தது. மறுபடியும் சரளைக்கல்.

அம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அடுத்த மாசம் வாங்க சார். நீங்க எப்படி ஓட்டுவீங்கன்னு நான் கேக்கவே இல்ல."

வீட்டுக்குத் திரும்பும்போது தங்கள் காரை மனைவி ஓட்டினாள். சாம்பியன் தேர்வையும் அம்மாளையும் சரளைக்கல்லையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொஞ்சம் காலடியில பாருங்க" என்றாள். அவருடைய ஷூவுக்குக் கீழே தரைவிரிப்பில் ஓட்டை.

"பன்னெண்டு வருஷமா நான் ஓட்டும்போதெல்லாம் மிதிச்சு மிதிச்சுப் போட்ட ஓட்டைங்க அது. பயமா இருக்குன்னு ஒரு நாளாவது வாயத் திறந்து சொல்லியிருக்கீங்களா?"

சாம்பியனுக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருடம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார், பாவம்.

"எங்க, அந்த சிக்னலுக்குச் சொல்லுங்க பாப்போம்."

தூரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமைப் பயிற்றுநர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"பிரேக்" என்றார்.

வண்டி அதற்கு முன்பே நின்றிருந்தது.