ஐசுக்குக் கீழே ஒரு சக்களத்தி

டென்மார்க், ஹேர்னிங் கோயில் பிள்ளையார் அறிய, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம்: இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. நம்பமாட்டார்களே என்று அங்கங்கே குறைத்ததுதான் உண்டு.

வைலே நகரில் ஃபியோர்ட் என்கிற குடாக்கடல் கரைக்குக் கரை உறைந்துபோன மாரியில், தங்கமலரின் புருசன் சிறீஸ்கந்தராசாவுக்கு ஐஸ் பைத்தியம் பிடித்தது. ஓகூஸ் நகரில் யாரோ கழித்துவிட்ட, தண்ணீருக்குள் ஓசை கேட்கிற மைக் ஒன்றை வாங்கி, ஐசில் துளை போட்டு இறக்கிவிட்டு, காதில் ஹெட்போனுடன் நாள் முழுக்கக் குந்தியிருப்பார். மேலே ஐஸ் மூடியதால் காற்றின் இரைச்சலும் அலையின் இரைச்சலும் கீழே இல்லையாம். குளிர் கூடக்கூட ஐஸ் வெடிக்கும் ஓசை, வீணைத் தந்தியைச் சுண்டிவிட்டதுபோல நீண்டுகொண்டே போகுமாம். கடல்நாய் ஒன்று கொட்டாவி விட்டதையும் கேட்டாராம்.

தங்கமலருக்கு வயிறு எரிந்தது. கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் அவள் எதைச் சொன்னாலும் அந்த மனிதர் "ஓம், ஓம்" என்பார். சொன்னது காதுக்குள் போயிருக்காது. ஐஸ் முனகினால் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்!

"ஐஸ் கதைச்சால் கேப்பியள். பால் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு நான் சொன்னால் காது அடைச்சுப்போம், என்ன?"

"ஓம், ஓம்."

பால் வரவில்லை.

மறுநாள் தூசி உறிஞ்சும் மெஷினின் குழாயைக் கழற்றிக்கொண்டு அவளும் கடற்கரைக்குப் போனாள். மாரியிலும் கடலில் முழுகுகிற டேனிஷ்காரர்கள் படகுத்துறையடியில் ஐசை வெட்டி, இறங்கி முழுக ஒரு கிடங்கு வைத்திருந்தார்கள். குழாயின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் வாயை வைத்துக் கத்தினாள்: "பால் வாங்கிக்கொண்டு வாங்கோ!" நீச்சலுடையுடன் நின்றவர்கள் இது ஏதோ இந்துச் சடங்கு என்று நினைத்து, நடுங்கிக்கொண்டே மரியாதையாக வரிசையில் காத்து நின்றார்கள்.

அன்று பால் வந்தது. கேட்காத தயிரும் வந்தது.

"இதென்ன அதிசயம்?" என்றாள்.

"அவள் சொன்னவள்."

"எவள்?"

"ஐசுக்குக் கீழ இருக்கிறவள். தங்கம், அப்பிடி ஒரு குரல்! கேட்டால் நீர் உருகிப்போவீர்."

தங்கமலர் உருகவில்லை, கொதித்தாள். தன்னைப் பார்த்து இந்த முகம் ஒருநாளாவது இப்படி மலர்ந்ததா?

"அது நானப்பா! குழாய்க்குள்ளால கத்தினது நான்தான்."

"சும்மா அலட்டாதையும். உம்மடை குரல் அதுக்குக் கிட்டவும் வராது."

அதற்குப் பிறகு, கீழே இருக்கிறவள் சொன்னால் குளியலறை பல்பு மாறியது. அவள் சொன்னால் கோப்பன்ஹேகனில் இருக்கும் மகள் மிதுஷாவுக்கு அப்பாவிடமிருந்து போன் போனது. குழாயில் கத்தியது தங்கமலர், பெயர் மட்டும் அவளுக்கு. கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாசனையும் பூசி மனிதர் ஐசுக்குப் போகத் தொடங்கினார்.

ஒருநாள் வடை கேட்டார். ஆசையாகத்தான் சுட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் கடதாசியில் சரையாகச் சுற்றிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக ஐஸ் துளைக்குள் போட்டதைத் தூரத்தில் நின்று பார்த்தாள். தான் சுட்ட வடை, தன் குரலுக்கே படையல். யாருடைய தலைமயிரைப் பிடித்து இழுப்பது?

குழாயை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, இனி நான் கதைக்க மாட்டன். வீட்டில ஒருத்தி இருக்கிறாள். போய் அவள் சொல்லுறதைக் கேளுங்கோ."

மாலையில் வந்தவர் டிவியை நிறுத்தினார். கதிரையை இழுத்து அவளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லும் தங்கம். கேக்கிறன்."

இத்தனை வருடமாக அவள் காத்திருந்த சொல். தொண்டைவரை எல்லாம் திரண்டு வந்தது. வாயைத் திறந்தவள் நிறுத்தினாள்.

"ஆர் கேக்கச் சொன்னது?"

"அவள்தான்."

"ஓகோ! அவளின்ரை உத்தரவு கிடைச்சால்தான் எனக்கு உங்கடை காது திறக்குமோ?"

குசினிக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். உலையில் சோறு பொங்கி வழியும்வரை அவர் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து ஒரு சிணுங்கல்கூட அவள் கொடுக்கவில்லை.

நம்பமாட்டார்களே என்று நான் குறைத்ததில் ஒன்று: சிறீஸ்கந்தராசா இன்றுவரை கலியாணமே செய்துகொள்ளவில்லை.