வரப் பதினாறரை, போக ஐந்தரை

லண்டனிலிருந்து வருவதற்குப் பதினாறரை மணித்தியாலம் பிடிக்கிற விமானம், திரும்பிப் போவதற்கு மட்டும் ஐந்தரை மணித்தியாலம் எடுப்பது எப்படி? மாக்கிறட்டுக்கு விளங்கவேயில்லை. தம்பி ஜோன்சன் தொலைபேசியில் சொன்ன நேரங்களைத் திரும்பத் திரும்ப விரல் மடக்கி எண்ணினாள். இரவு ஒன்பதுக்கு லண்டனில் ஏறினால் மறுநாள் பகல் ஒன்றரைக்குக் கட்டுநாயக்கா. அடுத்த கிழமை பகல் ஒன்றரைக்குக் கட்டுநாயக்காவில் ஏறினால் அன்று பின்னேரம் ஏழுக்கே லண்டன்.

மன்னார் கீரியில், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த புது வீட்டின் முன்னறையில் அம்மா சவப்பெட்டிக்குள் கிடந்தார்.

"இதில என்னடி விளங்கேல்லை?" என்றாள் பக்கத்தில் இருந்த அன்ரோனெற் மாமி. "தாயிட்ட வாறதுக்கு மாட்டு வண்டில். பெஞ்சாதியிட்டப் போறதுக்கு ரொக்கற்."

செத்தவீடென்றும் பாராமல் நாலு பேர் சிரித்தார்கள். மாக்கிறட் சிரிக்கவில்லை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் அம்மாவுக்குக் குளிக்க வார்த்ததும் சோறு தீத்தியதும் அவள்தான். ஜோன்சன் அங்கேயும் வரவில்லை, ஊர் திரும்பிய பிறகும் வரவில்லை. இப்போதுகூட ஊர்ந்து வருகிற விமானமாகப் பார்த்து ஏறியிருக்கிறான்! இங்கே விடியும்போது லண்டனில் இன்னும் இருட்டு என்பது அவள் அறியாததல்ல. அதை விமானக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. கோபக்காரியின் கணக்கு கோபம் சொன்ன பக்கம்தான் போகும்.

மருந்தேற்றிய உடல் மறுநாள் விடியும்வரை தாங்கும். காலையில் அடக்கலாம் என்று பாதரும் சொல்லியிருந்தார்.

பகல் இரண்டு மணிக்கு ஜோன்சன் அழைத்தான்.

"அக்கா, இறங்கீற்றன். வான்காரன் மில்ரன் வெளியில நிக்கிறான். எட்டு மணிக்குள்ள வந்திடுவன். பெட்டியை மூடிப்போடாதேங்கோ. முகத்தை ஒருக்காப் பாக்கோணும்."

"ஓம் ஓம், வா. அம்மா எங்க போகப்போறா?"

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "மாமி, பாதரிட்டச் சொல்லுங்கோ. நாலு மணிக்கே எடுப்பம்."

மாமியின் முகம் மாறியது. "பகிடிக்கெல்லோ சொன்னனான், பிள்ளை. அவன் வரட்டும்."

"ரொக்கற்றில வந்திருக்கலாம்தானே."

நாலு மணிக்கு மூடியில் ஆணி இறங்கியது. கோயில் மணி அடித்தது.

இரவு எட்டு மணிக்கு ஜோன்சன் வந்தபோது முன்னறையில் அடுக்கிய கதிரைகள்தான் இருந்தன. அவன் கத்தவில்லை. பெட்டி இருந்த இடத்தில் போய் நின்றான்.

"ஏன் அக்கா?"

"வாறதுக்குப் பதினாறரை மணித்தியாலம், போறதுக்கு ஐஞ்சரை. நான் கேக்கிறன், ஏன்ரா?"

அவன் கைமணிக்கூட்டைக் கழற்றி நீட்டினான். அதில் நேரம் இரண்டரை.

"மணிக்கூடு நிண்டு போச்சோ?"

"நிக்கேல்லை. இது லண்டன் நேரம். இன்னும் மாத்தேல்லை." அவன் நிறுத்தி நிறுத்தித் தெளிவாகவே சொன்னான். "இஞ்ச வரேக்க மணிக்கூட்டை ஐஞ்சரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளோணும். போகேக்க அவ்வளவையும் பின்னுக்கு இழுக்கோணும். வாற பதினாறரையில ஐஞ்சரையைக் கழியுங்கோ. போற ஐஞ்சரையோட ஐஞ்சரையைக் கூட்டுங்கோ. எண்ணாயிரத்தெழுநூறு கிலோமீற்றர், ஒரே பிளேன்தான் அக்கா. வாறதுக்கும் பதினொரு மணித்தியாலம், போறதுக்கும் பதினொரு மணித்தியாலம்."