நீலக் காரின் மேல் ஒரு கைநாட்டு

குறை கண்டுபிடிக்கும் வேலையை உறவினர்கள் இலவசமாகவே செய்துவிடுகிறார்கள். அதற்குச் சம்பளமும் கொடுத்து ஆள் வைப்பது தொழிற்சாலைகளில் மட்டும்தான். அங்கே அதற்குத் தரப் பரிசோதனைப் பிரிவு என்று பெயர். பாலிஷ் அப்படியொரு பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தார்.

வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்கக் கார்க் கதவைச் சுற்றி ஓடுமே, ரப்பர் பட்டை, அதைத் தயாரிக்கிற கம்பெனி அது. பட்டையை விரலால் தடவிப் பார்ப்பார். குமிழும் வெடிப்பும் இல்லையென்றால் பச்சை ஸ்டிக்கர், இருந்தால் சிவப்பு. பச்சை முன் கேட் வழியாக லாரி ஏறும். சிவப்பு பின் கேட் வழியாகக் கழிவுக்குப் போகும். சிவப்பு ஒட்டிய எதையும் வாட்ச்மேன் என்ன, ஏது என்று கேட்க மாட்டார். வேண்டாம் என்று முடிவாகிவிட்ட பொருளுக்கு அந்த ஒரு சுதந்திரம் உண்டு.

பாலிஷ் என்பது ஆபீஸில் வைத்த பெயர். வீட்டில் அவர் உள்ளங்கையில் அடங்கும் மாடல் கார்களைச் செய்து, ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் பளபளக்க வைப்பார். அந்தப் பளபளப்பில் ஒரு துளிகூட அவருடைய சட்டைக்கோ செருப்புக்கோ வந்து சேர்ந்ததில்லை. பட்டப்பெயர் நிலைத்ததற்கு அதுவும் காரணம்.

முதலாளிக்கும் ஒரு பெயர் உண்டு. விஷன் சார். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அந்தச் சொல்லில் ஆரம்பித்து அந்தச் சொல்லிலேயே முடிப்பார். “நாம ரப்பர் விக்கல. மௌனத்தை விக்கிறோம்” என்பது அவருடைய வாசகம். அவருக்கு அது கனவில் வந்ததாம். மற்றவர்களுக்குச் சுற்றறிக்கையில் வந்தது.

மௌனம் அந்த வருஷம் சரியாக விற்கவில்லை. பரிசோதனைப் பிரிவில் இருந்தது இரண்டு பேர்: பாலிஷ், அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டதால் ‘கண்ணாடி’ என்றே ஆகிவிட்ட இன்னொருவர். இரண்டு பேரில் ஒருவர் போதும் என்று மேலே பேச்சு நடப்பதாகக் கேள்வி. பாலிஷின் வயதில் வேலை போனால் வேறு வேலை கேட்டுப் போகிற இடத்தில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள், அவ்வளவுதான். மகளின் படிப்பு வேறு பாதி வழியில் இருந்தது.

சாப்பாட்டு வேளையில் கணக்கர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆபீஸில் எல்லாருக்கும் யோசனை சொல்வார். அவற்றில் எதையும் தான் செய்து பார்த்ததில்லை.

“யோவ் பாலிஷ், கண்ணாடி என்ன பண்றான் தெரியுமா? விஷன் பேசுறதை வீடியோ எடுத்து, அடியில மியூசிக் போட்டு அவருக்கே அனுப்புறான்.”

“அனுப்பட்டுமே.”

“அனுப்பட்டுமேவா? நீர் என்னத்தை அனுப்புவீர், தடவிப் பார்த்த விரலையா? இங்க பாரும், வரவேற்பறையில பெருசா ஒரு போட்டோ மாட்டியிருக்கே, அந்த நீலக் கார். அதை அப்படியே செஞ்சு ஆண்டு விழாவுல கையில குடும். மனுஷன் உருகிடுவாரு.”

அந்தப் போட்டோவில் இளவயது விஷன் ஒரு நீலக் காரில் சாய்ந்து நின்றார். ‘பயணம் இங்கே தொடங்கியது’ என்று கீழே எழுதியிருந்தது. காரை வாங்கியவர் அப்பா, ஓட்டியவர் டிரைவர். பின் சீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் பயணம்.

பாலிஷ் இதுவரை ஒரு காரையும் யாருக்கும் கொடுத்ததில்லை. அன்று சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். வாயைத் திறக்கச் சொல்வது டாக்டரின் பாடு, வந்தவர்களின் வாயை மூடி உட்கார வைப்பது இவள் பாடு.

“இத்தனை வருஷம் இந்த நாத்தத்தைப் பொறுத்துக்கிட்டதுக்கு இப்பவாவது ஒரு பலன் வரட்டும். செஞ்சு குடுங்க” என்றாள்.

ஸ்ப்ரே அடிப்பதற்கு அந்த வீட்டில் ஒரே இடம் குளியலறை. வெந்நீரைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் கதவை மூடி வைத்தால் காற்றில் மிதக்கும் தூசியெல்லாம் நீராவியோடு தரைக்கு இறங்கிவிடும். பிறகு ஆவி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். காரின் உடற்கூட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, காலி பாட்டில் ஒன்றின் தலையில் ஒட்டி நிறுத்துவார். பெயின்ட் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைப்பார். அப்போதுதான் தூறல் நைசாக விழும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காருக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, காரைக் கடந்து போன பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். காரின் மேலேயே ஆரம்பித்தாலோ நிறுத்தினாலோ சொட்டு விழுந்துவிடும். முதலில் மூடுபனி போல ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று, கடைசியில் ஈரமாக ஒன்று. வீட்டில் மற்றவர்கள் இந்த நேரமெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நிற்பார்கள்.

முதல் தடவை எல்லாம் சரியாக வந்தது. தூசி படாமல் காரின் மேல் கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காலையில் எடுத்துப் பார்த்தால் பானெட்டின் நடுவில், பெயின்டுக்குள் புதைந்து, ஒரு மயிர்.

“நீளமா இருக்கு. உன்னுதுதான்.”

“வெள்ளையா இருக்கு. உங்களுதுதான்” என்றாள் மனைவி.

மகள் எட்டிப் பார்த்து, “யாருதா இருந்தாலும் சரி, அதை எடுத்துட்டுப் பாத்ரூமை விடுறீங்களா? எனக்கு வகுப்பு இருக்கு” என்றாள்.

பிரேக் ஆயிலில் ஊறவைத்துப் பெயின்டையெல்லாம் உரித்தார். இரண்டாம் தடவை அடித்த அன்று மழை. காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, நீலம் முழுவதும் கண்புரை விழுந்தது போல வெளுத்துவிட்டது. மறுபடியும் பிரேக் ஆயில்.

மூன்றாம் தடவை வந்தது உண்மையிலேயே நல்ல கார். மனைவி கையைத் தட்டினாள். மகள் போட்டோ எடுத்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் பாலிஷ் காரைக் கொண்டுபோய் டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். வெளிச்சக் கோடு பானெட்டில் நேராக ஓடியது, கூரையில் நேராக ஓடியது, பின் மூடியின் ஓரத்தில் லேசாக நெளிந்தது.

“ஆரஞ்சுத் தோல்” என்றார், டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொல்கிற குரலில். பெயின்ட் முழுக்கப் படர்வதற்குள் காய்ந்துவிட்டால் ஆரஞ்சுப் பழத்தின் தோல் போல மேடு பள்ளம் விழும். தொழிலில் அதற்கு அதுதான் பெயர்.

“எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“சாய்ச்சுப் பாரு.”

“ஏங்க, உங்க முதலாளி டியூப் லைட்டைத் தூக்கிக்கிட்டா விழாவுக்கு வரப்போறாரு?”

“அவர் பார்க்க மாட்டாரு. எனக்குத் தெரியுமில்ல?”

விழாவுக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது. மறுபடியும் உரித்தார். இந்தத் தடவை நெளிவே வரக்கூடாது என்று நீலத்தின் மேல் நிறமில்லாத கண்ணாடிப் பூச்சைத் தாராளமாக ஏற்றினார், தேன் ஊற்றினாற்போல. ஆழமான தண்ணீருக்குள் கிடப்பது போல நீலம் உள்ளேயிருந்து மின்னியது. டியூப் லைட் அதில் வகிடெடுத்தாற்போல் நேராக விழுந்தது. இவ்வளவு கனமான பூச்சு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே காயாது. ஒரு மாதமாவது சும்மா விட வேண்டும்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. கூட்டு சேர வரும் வெளிநாட்டு விருந்தினர்களின் வசதிக்காக ஆண்டு விழா இந்த வாரக் கடைசியிலேயே நடத்தப்படுகிறது. விஷன் என்பதே முன்கூட்டி வருவதுதானாம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாடல் செய்பவர்களிடம் ஒரு சோதனை உண்டு. தொடக் கூடாது, மோந்து பார்க்க வேண்டும். பெயின்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. விழா நாள் காலையில் பாலிஷ் மோந்தார். மனைவியிடம் நீட்டினார்.

“வருது” என்றாள்.

“லேசாத்தானே?”

“லேசா வந்தா என்ன, ஜாஸ்தியா வந்தா என்ன? வருது.”

“அப்பா, தொடாதீர்கள்னு ஒரு அட்டை எழுதி வச்சிடலாமா?” என்றாள் மகள்.

விழாவுக்குக் கிளம்பும்போது கணக்கரிடம் போனில் கேட்டார். “யோவ், அவர் கம்பெனியில அவரையே தொடாதேன்னு அட்டை வைப்பீரா? உமக்கு வேலை வேணுமா வேணாமா?” என்றார் கணக்கர்.

குறையுள்ள சரக்குக்கு வாழ்நாளெல்லாம் சிவப்பு ஒட்டிய மனிதர், அன்று தன் சரக்குக்குத் தானே மனசுக்குள் பச்சை ஒட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேடையில் விஷன் சார் பேசினார். அன்றைய தலைப்பு தொடுதல். “நம்ம தொழிலோட உயிர் எங்க இருக்கு? தொடுதல்ல இருக்கு” என்று சொல்லிக்கொண்டே, பாலிஷின் பரிசு என்று நீட்டப்பட்ட பலகையிலிருந்து நீலக் காரைக் கொத்தாக அள்ளினார். கட்டைவிரல் கூரையில் பதிந்தது. காரை உயரத் தூக்கிப் பிடித்தார். போட்டோ எடுத்தார்கள். இறக்கவில்லை. அப்பாவைப் பற்றிப் பேசினார், அப்பாவின் விஷனைப் பற்றிப் பேசினார், மௌனத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். அழுத்தமான பகுதிகள் வரும்போதெல்லாம் விரலும் அழுத்தியது. கீழே பாலிஷ் தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் காரைக் கீழே வைத்தபோது விரல் சட்டென்று விடவில்லை. ‘ச்ப்’ என்று சத்தம் வந்தது. மைக் அதையும் வாங்கிக்கொண்டது.

கூரையின் நடுவில் ஒரு கைநாட்டு. சுழி, கோடு, தழும்பு ஒன்றும் தவறாமல் துல்லியமாக விழுந்திருந்தது. இரண்டு வெளிநாட்டுப் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டிருந்தவர் கம்பெனிக்கு வைத்த ஒரே கைநாட்டு.

விஷன் தன் விரலைப் பார்த்தார். அப்புறம் பாலிஷைப் பார்த்தார்.

“குவாலிட்டி செக்‌ஷன்ல இருந்தா வருது இது?”

ஹால் முழுக்கச் சிரித்தது. விருந்தினர்களுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் கொஞ்சம் தாமதமாகத் தனியாகச் சிரித்தார்கள். கணக்கர்கூடச் சிரித்தார். கண்ணாடி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பாலிஷ் எழுந்துபோய்த் தன் கைக்குட்டையை நீட்டினார். விஷன் சார் விரலைத் துடைத்துக்கொண்டு கைக்குட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பணியாளர் பிரிவு அம்மாள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“செக்‌ஷனையே எடுத்துடறாங்க சார். கேமரா மிஷின் வருது, அதுவே பார்த்துக்கும். இந்த முடிவு எப்பவோ எடுத்தாச்சு. உங்க காருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால மனசுல எதுவும் வச்சுக்காதீங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். கார் நன்றாக வந்திருந்தாலும் இதேதான் என்று கேட்டதும் பாலிஷுக்கு உள்ளே ஏதோ விட்டுப்போனது. “அந்த வீடியோவை என்ன பண்றது?” என்றார் கண்ணாடி, யாரையும் பார்க்காமல்.

கடைசி நாள் வரவேற்பறை வழியாக வந்தபோது பாலிஷ் காரைப் பார்த்தார். பார்வையாளர் சீட்டுகள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் வைத்திருந்தார்கள். உருண்டு ஓடாதபடி சக்கரங்களுக்கு அடியில் கம்பெனி ரப்பரில் ஒரு துண்டு.

“எடுத்துக்கோங்க சார். நிக்கவே மாட்டேங்குது” என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

கேட்டில் வாட்ச்மேன் பையைத் திறக்கச் சொன்னார்.

“இது என்ன சார்?”

“கார்.”

“அது தெரியுது. சார் உங்களுக்குக் குடுத்ததா, நீங்க சாருக்குக் குடுத்ததா?”

“நான் குடுத்தது.”

“அப்போ கம்பெனிப் பொருள் ஆச்சே. சீட்டு இல்லாம எப்படி விடறது? நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க.” அவருக்கும் சங்கடம்தான்.

பாலிஷ் காரை எடுத்தார். பழக்க தோஷம், விரலால் மெதுவாகத் தடவினார். பானெட், கதவுகள், பின் மூடி, எங்கும் குறையில்லை. விரல் கூரைக்கு வந்து அந்தச் சுழியில் நின்றது. சட்டைப் பையில் மீந்திருந்த ஸ்டிக்கரை எடுத்து, காரின் அடியில் சிவப்பு ஒன்றை ஒட்டிக் காட்டினார்.

வாட்ச்மேன் குனிந்து பார்த்தார். “அப்போ சரி. பின் கேட் வழியாப் போயிடுங்க சார்” என்றார்.

மனைவி இப்போது மாலை வேலையும் சேர்த்துப் பார்க்கிறாள். வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். ஒரு மாதம் போய் ஒருநாள் அவள் வந்து பார்த்தபோது பாலிஷ் டியூப் லைட்டுக்குக் கீழே காரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், அதில் ஊறுகிற நைஸ் உப்புக்காகிதம். வெளிச்சக் கோடு காரின் மேல் நேராக ஓடிவந்து, கட்டைவிரல் இருந்த இடத்தில் சிதறிச் சுருண்டு, அந்தப் பக்கம் மறுபடி நேராகப் போனது.

“போயிடுமா?” என்றாள்.

“மேல் பூச்சுல மட்டும்தான் இருக்கு. தேய்ச்சா போயிடும். காய்ஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.”

காரை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி இழுத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

அவளும் மோந்து பார்த்தாள்.

“ஒண்ணும் வரல” என்றாள்.

“ஆமா” என்றார் பாலிஷ். “இப்பத்தான் காய்ஞ்சிருக்கு.”

காகிதத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பிழிந்தார். குளியலறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அவசரமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, காகிதத்தைத் திரும்பவும் கிண்ணத்திலேயே போட்டுவிட்டார்.