மிளகாய்த்தூளுக்கு வந்த கூட்டம்

நான் எடுத்த படத்தில் ஆட்கள் கடல் கடப்பதில்லை, வேலை மட்டும்தான் கடக்கும். எங்கள் ஊர் சரவணையில் ஒருத்தி கையுறை மாட்டிக்கொண்டு விரலை அசைப்பாள். அதற்கேற்பக் கனடாவில் ஓர் உணவகக் குசினியில் இயந்திரக் கை கோப்பை கழுவும். அந்த நாட்டுக்கு அவளுடைய கை வேண்டும், அவள் வேண்டாம். சாட்டிக் கடற்கரையிலும் எங்கள் வீட்டுக் குசினியிலும் எடுத்தேன். நல்ல படம். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ரொறன்ரோவில் ஒரு விழா அதைத் தெரிவு செய்து என்னையும் அழைத்தது. அன்றே ஊர் பாசல் கட்டத் தொடங்கிவிட்டது. மிளகாய்த்தூள், பனங்கிழங்கு காயவைத்த ஒடியல், பனம்பழத்துப் பினாட்டு. எல்லாவற்றிலும் அங்குள்ள உறவுகளின் பெயர்.

"விசா இன்னும் வரேல்லை அக்கா," என்றேன் பக்கத்து வீட்டு நல்லம்மா அக்காவிடம்.

"அது வரும். தம்பியின்ரை பாசலை அடியிலை வையாதையும் நிலாந்தி, நசிஞ்சு போகும்."

விசா வரவில்லை. போனால் நான் திரும்பி வரமாட்டேனாம்! யாருக்கு வேண்டும் அவர்களுடைய பனி? என் படத்துக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆத்திரத்தில் அழுதேன். பாசல்களைத் திருப்பி எடுக்கவும் ஒருவரும் வரவில்லை. அடுத்த முறை போவேன்தானாம்.

விழாக்காரர் ஒரு வழி சொன்னார்கள். சக்கரம் பூட்டிய திரை ஒன்று மேடைக்கு வரும், நான் வீட்டிலிருந்து போனில் பேச அதில் என் முகம் தெரியும். என் கதையை எனக்கே திருப்பித் தந்தார்கள். என் படத்து இயந்திரத்துக்காவது கை இருந்தது. சரி, உருட்டுங்கள் என்றேன்.

படம் முடிந்ததும் உருட்டினார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"பிள்ளை, நான் நல்லம்மாவின்ரை தம்பி அரியநாயகம். பாசல் எங்கை?"

அப்போதுதான் விளங்கியது. தியேட்டருக்குப் போய்ப் பாசல் எடுக்கச் சொன்ன ஊர், விசாவைப் பற்றி மூச்சு விடவில்லை. பாதிப் பேர் வெறும் பையோடு வந்திருந்தார்கள்.

போனைத் திருப்பி எங்கள் கூடத்தைக் காட்டினேன். "எல்லாம் இஞ்சைதான் கிடக்கு. கொண்டுவர என்னை விடேல்லை."

சிரித்தார்கள். பிறகு திரையில் தெரிந்த பாசல்களில் தங்கள் பெயரைத் தேடினார்கள்.

அரியநாயகம் இன்னும் நின்றார். "நானும் இஞ்சை கோப்பை கழுவினனான் பிள்ளை," என்றார். "உம்மைத்தானே விடேல்லை. என்னட்டைக் கனடாப் பாஸ்போட் இருக்கு. நயினாதீவுக் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வாறன். பாசல் பத்திரம்."

"நானும்," என்றது பின்னால் ஒரு குரல்.

"எல்லாரும் வாங்கோ," என்றேன். "சாட்டியிலை திரை கட்டித் திரும்பப் போடுவன். பக்கத்திலை நான் நிப்பன், சக்கரம் இல்லாமல். படத்தை முழுக்கப் பாத்தால்தான் மிளகாய்த்தூள்."